போகாதே என்று ரதி சொன்னாள்: காதல் நாயகனும் அவனுடைய மானமும்

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரிந்ததும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் காமன் பொட்டலில் காமன் கூத்துக்குக் கம்பம் நட்டுவிடுவார்கள். அன்றிலிருந்து பௌர்ணமி வரைக்கும் ராத்திரியானால் தப்பு மேளச் சத்தம்தான். இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்து மாசிக் குளிர் எலும்பு வரைக்கும் போகும், ஆனாலும் அம்மாயியின் கம்பளிக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு, கூத்து மாஸ்டர் பாடப் பாட ரதியும் மதன் என்கிற மன்மதனும் ஆடுவதை விடிய விடியப் பார்த்திருக்கிறேன்.

கூத்தில் ஓர் இடம் வரும். தேவர்களிடமிருந்து தூதன் ஓலையோடு வந்து நிற்பான். சிவன் தவத்தில் இருக்கிறார், அந்தத் தவத்தை மன்மதன் வந்து கலைக்க வேண்டும். மன்மதன் கிளம்புவான். ரதி வழியை மறிப்பாள். கெட்ட கனவு கண்டேன், போகாதே என்பாள். அவன் பதில் சொல்வான், இவள் எதிர்ப் பாட்டுப் பாடுவாள், தர்க்கம் நீண்டுகொண்டே போகும். அந்த இடத்தில் ஒவ்வொரு வருஷமும் அம்மாயி எனக்குப் பக்கத்தில் முணுமுணுப்பார்: "அவ சொல்றதக் கேட்டா என்ன, கொறஞ்சா போயிருவான்?"

குறைந்துதான் போவான். அவன் அப்படித்தான் நினைக்கிறான், அதனால்தான் சாகிறான். காதல் கதைகளில் சாகிற நாயகனைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை, அதனால் இங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் சொற்களைப் பார்த்துவிடுவோம். இலக்கிய வகுப்பில் "துன்பியல் நாயகன்" என்று ஒருவனைப் பற்றிப் படிப்போம். கதை முடிவில் செத்துவிட்டான் என்பதற்காக மட்டும் ஒருவனுக்கு அந்தப் பெயர் கிடைத்துவிடாது. கிரேக்கத்து அரிஸ்டாட்டில் இதைப் பற்றிச் சொன்னது இன்றைக்கும் உதவுகிறது. முழுக்கக் கெட்டவன் வீழ்ந்தால் நமக்கு இரக்கம் வராது. ஒரு குற்றமும் செய்யாத நல்லவன் வீழ்ந்தால் மனம் அதை ஏற்காது, அருவருப்புத்தான் வரும். இரண்டுக்கும் நடுவில் நம்மைப் போல் இருக்கிறவன் தன்னுடைய ஏதோ ஒரு பிழையால் வீழும்போதுதான் நெஞ்சு அடைக்கிறது. சரி, காதல் கதை நாயகனிடம் அந்தப் பிழை எது? பெரும்பாலானவர்கள் "காதல்தான்" என்பார்கள். அளவுக்கு மீறிக் காதலித்தான், அதனால் அழிந்தான் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கதைகளைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பார்த்தால், காதல் அவனைக் காப்பாற்றத்தான் பார்க்கிறது. நாலு பேர் முன்னால் ஆம்பளையாக நிற்க வேண்டும் என்ற கட்டாயம்தான் அவனைத் தள்ளிவிடுகிறது.

அந்தக் கட்டாயத்துக்கு நம்மிடம் மானம், கௌரவம், ரோசம் என்று பல பெயர்கள் உண்டு. மூன்றையும் ஒன்றாகவே பேசுகிறோம், ஆனால் ஒன்றில்லை. திருக்குறளில் மானம் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, 97ஆவது. மயிர் நீங்கினால் உயிர் வாழாத கவரிமா போன்றவர்கள் மானம் கெட வந்தால் உயிரை விடுவார்கள் என்ற குறள் அதில்தான் வருகிறது. அந்த மானம், தன் நிலையிலிருந்து தாழ்கிற செயலைத் தான் செய்யக்கூடாது என்று ஒருவன் தனக்குள் போட்டுக்கொள்கிற கணக்கு. யாரும் பார்க்காவிட்டாலும் அது இருக்கும். ரோசம் வேறு. ரோசத்துக்குப் பார்க்கிறவர்கள் வேண்டும். ஒரு வார்த்தை சொல்கிறவன் வேண்டும், அதைக் கேட்டுச் சிரிக்கிற இன்னொருவன் வேண்டும். வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் தனியாக உட்கார்ந்திருக்கிறவனுக்கு ரோசம் வருவதில்லை, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் பத்துப் பேருக்கு நடுவில் நிற்கிறவனுக்குத்தான் வரும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், எனக்கு இந்த விஷயத்தில் மிகப் பிடித்த இடம் அது. பழைய தமிழில் மடலேறுதல் என்று ஒரு வழக்கம் பேசப்படுகிறது. காதலித்த பெண் கிடைக்காத ஆண், பனை மடலில் குதிரை செய்து அதில் ஏறி, ஊர் பார்க்க நடுத்தெருவில் வருவான். ஊரே சிரிக்கும், அவன் பொறுத்துக்கொள்வான். குறளில் அப்படி ஒருவன் பேசுகிறான்:

நாணொடு நல்லாண்மை பண்டுடையேன் இன்றுடையேன்
காமுற்றார் ஏறும் மடல்

நாணமும் நல்ல ஆண்மையும் முன்பு என்னிடம் இருந்தன, இன்று என்னிடம் இருப்பது காதலில் விழுந்தவர்கள் ஏறும் மடல்தான் என்கிறான். அடுத்த குறளில் இன்னும் போகிறான்: நாணம், நல்லாண்மை என்கிற தோணியைக் காமம் என்கிற வெள்ளம் அடித்துக்கொண்டு போகிறதாம். பாருங்கள், ஆண்மையும் காதலும் ஒன்றுக்கொன்று துணை என்றுதான் நமக்குச் சினிமா சொல்லிக்கொடுத்திருக்கிறது, இங்கே ஒன்றை விட்டால்தான் மற்றது. இவன் ஆண்மையைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பை வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறான். இதை ஓர் அளவுகோலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் காதல் நாயகனைப் பார்த்தாலும், இவன் மடலேறுவானா மாட்டானா என்று கேளுங்கள். என் கண்ணில் பட்டவரை, செத்துப்போகிற நாயகர்களில் முக்கால்வாசிப் பேர் மடலேற முடியாதவர்கள்.

தேவதாஸை எடுங்கள். காதல் தோல்வியில் தாடி வைத்த எவனையும் நாம் அந்தப் பெயரில்தான் கூப்பிடுகிறோம், அட்டன் பஸ் நிலையத்தில்கூட நான் கேட்டிருக்கிறேன். சரத்சந்திரரின் வங்காள நாவல் வெளிவந்தது 1917இல், தமிழில் எல்லாருக்கும் தெரிந்த படம் வந்தது 1953இல். குடித்தே செத்தவன் என்பதுதான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் கதையில் அதற்கு முன்னால் ஓர் இரவு இருக்கிறது. அவன் காதலி பார்வதி நள்ளிரவில் தனியாக அவன் அறைக்கு வருகிறாள். அந்தக் காலத்து வங்காளக் கிராமத்தில் ஒரு பெண் தன் பெயரை முழுக்கப் பணயம் வைத்துச் செய்கிற காரியம் அது. அவள் மடலேறிவிட்டாள் என்றே சொல்வேன். அவனோ அப்பா அம்மா என்ன சொல்வார்கள், குடும்பத்துக்கு என்ன பெயர் வரும் என்று யோசிக்கிறான். கல்கத்தாவுக்குப் போய்விட்டு, அவளை விட்டு விலகி ஒரு கடிதம் எழுதுகிறான். பிறகு மனம் மாறித் திரும்பி வரும்போது அவள் மறுக்கிறாள், அவளுக்கும் தன்மானம் இருக்கிறதே. அதைத் தாங்க முடியாமல் கையிலிருந்த தூண்டில் கம்பால் அவள் நெற்றியில் அடிக்கிறான். தழும்பு கடைசி வரைக்கும் இருக்கிறது.

இந்த அடியை மறந்துவிட்டுத்தான் அவனைக் காதல் தியாகியாகக் கொண்டாடுகிறோம். அவனுடைய குடிக்கும் சாவுக்கும் இரக்கப்படலாம், நானும் படுகிறேன். ஆனால் அவனை அழித்தது பார்வதி மேல் இருந்த காதல் என்று மட்டும் சொல்லாதீர்கள். அவள் கதவைத் தட்டிய இரவில் அவன் எழுந்து அவளோடு போயிருந்தால் கதையே இல்லை.

ரோமியோ வேறு மாதிரி. அவன் மடலேற முயற்சி செய்து பாதியில் இறங்கியவன். ஷேக்ஸ்பியரின் அந்த நாடகம் முதலில் அச்சானது 1597இல். இரண்டு குடும்பத்துக்கும் தீராத பகை, ரோமியோ எதிரி வீட்டு ஜூலியட்டை இரகசியமாக மணந்துவிட்டான். மணமான அதே நாள் தெருவில் ஜூலியட்டின் மச்சான் டிபால்ட் சண்டைக்கு இழுக்கிறான். ரோமியோ மறுக்கிறான், இனி அவன் எனக்கும் சொந்தம்தானே என்று. இதுதான் நாடகத்தின் மிக அழகான கணம் என்பேன். ஆனால் பார்த்துக்கொண்டிருக்கிற நண்பன் மெர்க்குஷியோவுக்கு அது கேவலமான பணிவாகப் படுகிறது, ரோமியோவுக்குப் பதிலாக அவன் வாளை உருவுகிறான், குத்துப்பட்டுச் சாகிறான். உடனே ரோமியோ, ஜூலியட்டின் அழகு என்னைப் பெண்ணாக்கிவிட்டதே என்று தன்னையே திட்டிக்கொண்டு டிபால்ட்டைக் கொல்கிறான். நாடு கடத்தப்படுகிறான், அதற்குப் பிறகு விஷமும் கத்தியும் கல்லறையும் என்று எல்லாம் அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் வருகிறது. தெருவில் யாரும் பார்த்துக்கொண்டிருக்காவிட்டால் அந்த வாள் உறையிலேயே இருந்திருக்குமோ என்று எனக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது.

நம்முடைய கோவலன் வாளெடுத்தவன் இல்லை, வணிகன். வணிகனுக்கு மானம் பணத்தில் இருக்கிறது. மாதவியைப் பிரிந்து வீட்டுக்கு வந்ததும் கண்ணகியிடம் என்ன சொல்கிறான் என்று சிலப்பதிகாரத்தைத் திறந்து பாருங்கள்: முன்னோர் தேடித்தந்த மலை போன்ற செல்வத்தைத் தொலைத்துவிட்டேன், "இலம்பாடு நாணுத் தரும் எனக்கு" என்கிறான். வறுமை வெட்கமாக இருக்கிறதாம். அவளிடம் சிலம்பு இருந்தது. அதே ஊரில் பெரும் செல்வரான அப்பா மாசாத்துவான் இருந்தார். ஆனால் அப்பாவிடம் போய் நிற்க முடியாது, தெரிந்தவர்கள் நடுவில் சிறிதாகத் தொடங்க முடியாது, விடிவதற்கு முன்னால் யாருக்கும் தெரியாமல் மதுரைக்குக் கிளம்புகிறான். பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும்.

இந்த வெட்கம் எங்கள் பக்கத்தில் புதிதில்லை. கொழும்பில் கடை வேலைக்குப் போன பையன்கள் சிலர் தீபாவளிக்கு வீட்டுக்கு வருவதில்லை. லீவு கிடைக்கவில்லை என்பார்கள். வெறுங்கையோடு லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு, படி ஏற முடியவில்லை என்பதுதான் உண்மை. ஊரில் ஒருத்தி காத்திருப்பாள், ஃபோனைக்கூட எடுக்காமல் இருந்துவிடுவான், "இப்ப என்னத்த காட்டிப் பேசறது" என்று என்னிடமே ஒருவன் சொன்னான். அவள் கேட்டது அவன் குரலைத்தான்.

தோட்டத்து ஆணின் ரோசத்தைப் பற்றிப் பேசினால் இன்னொன்றையும் சேர்த்துத்தான் பேசவேண்டும், இல்லாவிட்டால் அநியாயமாகிவிடும். காப்பித் தோட்டக் காலத்திலிருந்து வந்த நம் தாத்தாமார்களுக்குச் சொந்த நிலம் இல்லை, குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவும் தோட்டத்தினுடையது, 1948இல் இலங்கையில் வந்த சட்டம் குடியுரிமையையும் பறித்தது. பகல் முழுக்கத் தொரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் கங்காணிக்கும் முன்னால் தலை குனிந்து நின்ற மனிதன், எங்கேயாவது ஓரிடத்தில் நிமிர வேண்டாமா? அந்த இடம் வீடாகிவிட்டது. கொழுந்தெடுத்தது பெண்கள், ஆனால் அவர்களுடைய சம்பளத்தை வீட்டு ஆண் போய் வாங்கிக்கொள்கிற வழக்கம் பல தோட்டங்களில் இருந்தது. வெளியே பறிபோன கௌரவத்தை வீட்டுப் பெண்ணின் நடத்தையில், மகளின் காதலில், தங்கையின் கல்யாணத்தில் தேடினார்கள். இதை நியாயப்படுத்தவில்லை. ஆனால் காதல் கதையில் வருகிற அப்பாவும் அண்ணனும் ஏன் அவ்வளவு வெறி பிடித்தவர்களாக இருக்கிறார்கள் என்று கேட்டால் பதிலின் ஒரு பகுதி இங்கே கிடக்கிறது.

அப்புறம் சாதி. ஒரே பெரட்டில் பெயர் கொடுத்து ஒரே மலையில் கொழுந்தெடுக்கிற இடத்திலும் அது விட்டுப் போகவில்லை. மதுரை வீரன் கதையை இந்தக் கண்ணோடு பாருங்கள். தோட்டங்களில் அவருக்குக் கோயில் உண்டு, சாமியாகத்தான் நமக்குத் தெரியும், ஆனால் அவரும் காதலால் செத்த நாயகன். சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன், பாளையக்காரன் மகள் பொம்மியைக் காதலித்துக் கூட்டிக்கொண்டு போகிறான், துரத்தி வந்தவர்களை வெல்கிறான், மதுரையில் திருமலை நாயக்கரிடம் கள்ளரை அடக்கிப் பெயர் வாங்குகிறான், கடைசியில் அரண்மனைப் பெண் வெள்ளையம்மாளோடு பிடிபட்டு மாறுகால் மாறுகை வாங்கப்படுகிறான். இதில் இரண்டு மானங்கள் மோதுகின்றன. பொம்மியின் அப்பாவுக்குச் சாதி மானம், மன்னனுக்கு அரண்மனை மானம். இரண்டுமே பெண்ணின் உடம்பில்தான் வைக்கப்பட்டிருக்கின்றன, விலை கொடுப்பது வீரன்.

கதையில் இன்னொரு நூலும் ஓடுகிறது. வீரன் உண்மையில் காசி ராஜாவின் பிள்ளை, காட்டில் விடப்பட்டவன் என்று ஒரு முன்கதை சொல்வார்கள். அந்த முன்கதை எதற்கு? கீழே வைக்கப்பட்ட ஒருவன் மேலே வைக்கப்பட்ட பெண்ணைக் காதலித்து வீரனாகவும் இருந்தான் என்பதை, கதை கேட்கிற சிலரின் கௌரவம் தாங்காது. அதற்காக அவனுக்கு ஒரு ராஜா அப்பாவைக் கொடுத்துச் சமாதானம் செய்திருக்கிறார்கள் என்றே நான் படிக்கிறேன். நாயகனுடைய மானத்தைப் பற்றிப் பேசும்போது கதை சொல்கிறவனுடைய, கேட்கிறவனுடைய மானத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம்.

இனி மன்மதனிடம் திரும்பி வருகிறேன். கந்தபுராணத்தில் அவன் முதலில் மறுக்கிறான். சிவனிடம் போனால் எரிந்துபோவேன் என்று அவனுக்கே தெரியும். பிரமன் சபிப்பேன் என்று மிரட்டிய பிறகுதான் ஒத்துக்கொள்கிறான். சூரபதுமனை அழிக்கச் சிவனுக்கு ஒரு பிள்ளை வேண்டும், அது தேவர்களின் தேவை. மேலே இருக்கிறவர்கள் ஓலை அனுப்புகிறார்கள், கீழே இருக்கிறவன் போய் எரிகிறான். கையில் கரும்பு வில், வண்டு நாண், ஐந்து பூ. அதை வைத்துக்கொண்டு நெற்றிக்கண்ணுக்கு முன்னால் நிற்கவேண்டும். பெரட்டுக்குப் போய்ப் பழகிய எங்கள் சனத்துக்கு இந்தக் கதை நெஞ்சில் ஒட்டியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். போகச் சொன்னால் போகவேண்டியதுதான்.

ஆனால் பொட்டலில் ரதி வழியை மறிக்கும்போது மன்மதன் "எனக்குப் பயமாக இருக்கிறது, மிரட்டினார்கள், வேறு வழியில்லை" என்று சொல்வதில்லை. நான் பார்த்த வருஷங்களில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. தன் அம்பின் பலத்தைப் பாடுவான், பெண் பேச்சைக் கேட்டு நிற்பதா என்பான். கட்டாயத்தை வீரமாக மாற்றிக்கொண்டால்தான் அவனால் நடக்கவே முடிகிறது. ரதி பயத்தைப் பேசுகிறாள், அவனுடைய பயத்தையும் சேர்த்து அவளே பேசுகிறாள். அவன் எரிந்த பிறகு அழுவதும் அவள்தான். சிவன் இரங்கி உயிர் கொடுக்கும்போதும் ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிகிற உருவத்தைத்தான் கொடுக்கிறார். வேறு யாரும் அவனைப் பார்க்க முடியாது. ஊர் பார்வைக்காக வீறாப்புப் பேசிப் போனவன் ஊருக்கே தெரியாதவனாகித் திரும்பி வருகிறான், அவளோடு வாழ அதுவே போதுமாகவும் இருக்கிறது.

ஆண்மை என்ற சொல்லையே தூக்கி எறியவேண்டுமா என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்கு அந்த அவசரம் இல்லை. பிறன் மனைவியை நோக்காததைப் "பேராண்மை" என்கிறது குறள். வாளையும் மீசையையும் விட்டு, அடக்கத்தில் கொண்டுபோய் அந்தச் சொல்லை வைத்திருக்கிறார் வள்ளுவர். மேலே சொன்ன குறளில் ஆண்மையை மடலுக்கு விட்டுக்கொடுப்பவனையும் அவர் ஏளனம் செய்யவில்லை. சொல் நம் கையில்தான் இருக்கிறது, எதை அதற்குள் வைக்கிறோம் என்பதில்தான் சண்டை. கதைகளைப் படிக்கும்போது இதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்: நாயகன் சாகிற காட்சியை விட்டுவிட்டு, அதற்கு நான்கு காட்சி முன்னால் போங்கள். அங்கே ஒரு பெண் ஏதோ சொல்லியிருப்பாள். அவன் அதைக் கேட்டிருப்பான், ஆனால் வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருப்பான்.

எங்கள் தோட்டத்தில் பல வருஷம் ரதி வேஷம் கட்டியவர் மேல் லயத்து மாமா ஒருவர். பகலில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர், கையெல்லாம் கீறல். காப்புக் கட்டி விரதம் இருந்து, சேலை உடுத்தி அவர் வந்து நின்றால் அம்மாயி உட்பட எல்லாரும் அவரை "அவ" என்றுதான் பேசுவார்கள். கம்பம் எரியும்போது அவர் வைக்கிற ஒப்பாரியில் பொட்டலே அழும். அவருடைய சொந்தத் தம்பி செத்த வீட்டில் அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் தூணில் சாய்ந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு வருஷம் எரித்ததற்கு மறுநாள் காலையில், கண்ணில் மை முழுக்கப் போகாமல் கவ்வாத்துக் கத்தியோடு அவர் மலைக்கு ஏறிக்கொண்டிருந்தபோது, ராத்திரி அழுதது வேஷமா நிசமா என்று கேட்டேன். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். பிறகு சொன்னார்: "இளவட்டத்துல ஒரு வருஷம் மதன் கட்டினேன்டா. எரியிற அன்னைக்கு நெஞ்சு அப்படி அடைக்குது. அழ முடியல. மதன் அழக்கூடாதில்ல."

அடுத்த மாசிக்கும் மாஸ்டரிடம் போய் ரதி வேஷத்தையே கேட்டு வாங்கிக்கொண்டார்.